கைத்தொழிற் பத்திரம்: அதன் விலையும் ஊதியமும்

சம்பளச் சீட்டு வழங்கிய நாள் மாலையில், தோட்டத்து ஆபீசு வாயிலிலே ஒரு தகப்பனார் காத்து நின்றார். கூட்டம் கலைந்த பின்னர் அருகில் வந்து, "கிராணி ஐயா, பையன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டான். மின்சாரக் கம்பி வேலை படிக்கப் போகிறேன் என்கிறான். இரண்டு வருஷமாம். கட்டணம் அதிகமில்லையாம். அனுப்பினால் நஷ்டம் வராதே?" என்று வினவினார்.

வினா சிறிது, விடை பெரிது. இதே வினாவை நானூறு வருஷங்களுக்கு மேலாகச் சீமைத் தகப்பன்மாரும், பார்லிமெண்டாரும், பொருளாதார அறிஞரும் மாறி மாறிக் கேட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகளையும், அவை இந்நாட்டில் நம்மவர் தலையில் எவ்வாறு வந்து விடிந்தன என்பதையும் ஆராய்ந்தால், அத்தகப்பனாருக்குரிய விடை தானே புலப்படும். ஆகவே சரித்திரத்தினின்றே தொடங்குவோம்.

ஏழாண்டுக் கட்டு

இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்திலே, 1563-ம் வருஷத்தில், கைவினைஞர் சட்டம் ஒன்று பிறந்தது. அந்நாளில் நடைபெற்று வந்த தொழில்களுள் எதனையும், ஒரு மேஸ்திரியிடம் ஏழு வருஷம் கட்டுப்பட்டு வேலை பழகாதவன் செய்யலாகாது என்பது அதன் விதி. நகரங்களில் வேலை பழகும் பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது நிரம்புமுன் கட்டு அவிழாது. வியாபாரி, பொற்கொல்லர் முதலியோரின் மேலான தொழில்களுக்குப் பிள்ளையை விடுவதாயின், பெற்றோருக்கு ஆண்டொன்றுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள சொந்த நிலம் இருத்தல் வேண்டும். கொல்லர், தச்சர் முதலியோரின் வேலைகளுக்கு அந்நிபந்தனை இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை எந்தப் படியில் ஏறலாம், எந்தப் படியில் ஏறலாகாது என்பதைச் சட்டமே கோடு கிழித்துக் காட்டிற்று.

இக்கட்டுக்கு ஒரு சீட்டு உண்டு. ஒரே தாளில் ஒரே வாசகத்தை இருமுறை எழுதி, நடுவே பல்பல்லாக வளைத்து வெட்டி, மேஸ்திரிக்கு ஒரு பாதியும் பிள்ளை வீட்டாருக்கு ஒரு பாதியுமாகக் கொடுப்பர். வழக்கு வந்தால் இரு பாதிகளின் பற்களும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இச்சீட்டுக்கு 'இண்டெஞ்சர்' என்று பெயர் வந்தது. வாசகர்கள் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதனை வேறோரிடத்தில் சந்திக்கப் போகிறோம்.

இத்தொழிற் கல்வியின் விலை என்ன? முதலாவது, மேஸ்திரிக்குக் கொடுக்கும் முன்பணம். இரண்டாவது, ஏழு வருஷ உழைப்பு. அக்காலத்தில் பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் கிடைக்கும், கூலி கிடையாது. மூன்றாவது, கட்டு அவிழ்ந்த பின் சொந்தப் பட்டறை வைக்க வேண்டிய முதல். முன்பணம் எவ்வளவு பரவலாயிருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1710-ம் வருஷ முதல் சர்க்கார் அதன்மேல் வரி வாங்கத் தொடங்கினர். 50 பவுன் வரையில் பவுனுக்கு 6 பென்ஸ். அதற்கு மேற்பட்டால் பவுனுக்கு ஒரு ஷில்லிங். 1747-ல் காம்பெல் என்பவர் 'லண்டன் தொழிலாளன்' என்ற பொருளுடைய நூலொன்றை வெளியிட்டார். எத்தொழிலுக்கு எவ்வளவு முன்பணம், பட்டறை வைக்க எவ்வளவு முதல், நாளொன்றுக்கு எத்தனை மணி வேலை என்று அட்டவணை போட்டுப் பெற்றோருக்கு வழிகாட்டிய நூல் அது. நம் ஆபீசு வாயிலில் நின்ற தகப்பனாரின் வினாவே அன்று லண்டன் வீதிகளிலும் கேட்டது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஆடம் ஸ்மித்தின் தராசு

இவ்வினாவைத் தராசிலிட்டு நிறுத்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஸ்மித். 1776-ல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில், பணமும் காலமும் செலவிட்டுத் தொழில் கற்ற மனிதனை விலையுயர்ந்த ஓர் இயந்திரத்துக்கு அவர் ஒப்பிட்டார். இயந்திரம் வாங்குகிறவன், அது தேய்ந்தொழியுமுன் போட்ட முதலும் வட்டியும் கைக்கு வரும் என்று நம்பியே வாங்குகிறான். அவ்வாறே, தொழில் கற்றவனுடைய கூலி சாதாரணக் கூலியைவிட எவ்வளவு அதிகமோ, அவ்வதிகம் கற்ற செலவை ஈடு செய்தல் வேண்டும். அதுவும் மனித ஆயுள் நிச்சயமற்றதாகையால், நியாயமான காலத்துக்குள் ஈடு செய்தல் வேண்டும் என்றார்.

அவர் அவ்வளவோடு நிற்கவில்லை. கூலி அதிகமாயிருப்பது திறமைக்கு மட்டும் கிடைக்கும் பரிசன்று என்றும் எடுத்துக்காட்டினார். சாதாரணக் கூலிக்காரன் வாரத்துக்கு நான்கைந்து ஷில்லிங் பெறும் ஊரில், கல்தச்சனும் கொத்தனும் ஏழெட்டு ஷில்லிங் பெறுவதுண்டு. ஆனால், கடும்பனியிலும் மழையிலும் அவர்களுக்கு வேலையில்லை. வேலையில்லாத நாட்களையும் வேலையுள்ள நாட்களின் கூலியே தாங்க வேண்டியிருக்கிறது. ஆதலால் நாட்கூலியைப் பாராதே, வருஷக் கூலியைப் பார் என்பது அவர் உபதேசத்தின் சாரம். மேலும், பிள்ளையைச் செருப்புத் தைக்க விட்டால் அவன் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்வான் என்பதில் ஐயம் குறைவு. வழக்கறிஞனாக்க அனுப்பினால் இருபதில் ஒருவனே அத்தொழிலால் பிழைப்பான் என்றும் எழுதினார். பெரிய பரிசு ஒருவனுக்குக் கிடைப்பதைக் கண்டு மயங்கி, கைக்கெட்டிய தொழிலைத் தள்ளிவிடும் நம்மவர் சிலருக்கு இது தகுந்த மருந்தாகும்.

இவற்றினும் கூர்மையான ஒரு குறிப்பை அவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். முன்பணம் கொடுக்க இயலாதவர்கள் அதற்கு ஈடாகக் காலத்தைக் கொடுக்கிறார்கள், அதாவது வழக்கத்தினும் அதிக வருஷம் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதே அது. பணக்காரன் பணத்தால் செலுத்தும் விலையை ஏழை தன் வாழ்நாளால் செலுத்துகிறான். கைத்தொழிற் பத்திரத்தின் சரித்திரம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும் என்பது நம் கருத்து.

ஏழு வருஷம் வேண்டுமா?

ஏழு வருஷம் உண்மையில் தேவைதானா? தேவையில்லை என்றே ஸ்மித் அடித்துக் கூறினார். கடிகாரம் செய்வது போன்ற நுண்ணிய தொழிலைக்கூடச் சில வாரங்களில் விளக்கிவிடலாம்; கைப்பழக்கந்தான் நாட்பட வரும்; அப்பழக்கத்தையும் கூலி பெற்று வேலை செய்பவன் கூலியில்லாமல் கட்டுண்டவனிலும் விரைவில் அடைவான் என்றார். நீண்ட பயிற்சி மோசமான வேலையைத் தடுக்கும் என்ற வாதத்தையும் அவர் ஒப்பவில்லை. வெள்ளிப் பாத்திரம் வாங்குகிறவன் அதன்மேலுள்ள முத்திரையைப் பார்க்கிறான். செய்தவன் ஏழு வருஷம் கட்டுண்டிருந்தானா என்று கேட்பதில்லை.

சட்டத்தின் விபரீதத்துக்கு அவர் காட்டிய உதாரணம் நகைப்பைத் தரும். வண்டிச்சக்கரம் செய்யும் தொழில் 1563-க்கு முன்னரே இருந்தது. கோச்சு வண்டி செய்யும் தொழில் இல்லை. ஆகவே சக்கரம் செய்பவன் கோச்சு வண்டி செய்யலாம். கோச்சு வண்டி செய்பவனோ தன் வண்டிக்குத் தானே சக்கரம் செய்யலாகாது!

இதற்கு உயிருள்ள உதாரணமும் ஒன்றுண்டு. நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட் ஏழு வருஷம் கட்டுண்டவரல்லர். 1755-ல், தம் பத்தொன்பதாம் வயதில் லண்டன் சென்று, மார்கன் என்ற கருவி செய்வோரிடம் 20 கினி கொடுத்து ஒரே வருஷம் வேலை பழகினார். ஏழு வருஷத்தை ஒரு வருஷமாக்க 20 கினி. பணம் காலத்தை வாங்கியது காண்க! பின்னர் 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்ளே அவருக்குப் பட்டறையிடம் கொடுத்தது. அப்பொழுது அப்பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர் ஆடம் ஸ்மித்தே.

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. 1814-ல் பார்லிமெண்டு ஏழாண்டு விதியை ஒழித்தபோது, அது நிலைக்க வேண்டுமென்று மனுச் செய்தவர்கள் கைவினைஞர்களே. ஆலை முதலாளிகள் பழகாத சிறுவர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி, பழகியவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. தம் இளமையை விலையாகக் கொடுத்து வாங்கிய உரிமை ஒரே நாளில் செல்லாக்காசானால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? உள்ளேயிருப்பவனுக்குக் காவலாயிருக்கும் வேலியே வெளியே நிற்பவனுக்குத் தடையாகிறது.

இச்சிக்கலை அவிழ்க்க வந்ததே பரீட்சை. 1878-ல் லண்டன் நகரசபையும் பழைய தொழிற்சங்கங்கள் பதினாறும் கூடி 'சிட்டி அண்டு கில்ட்ஸ்' என்னும் நிலையத்தை நிறுவின. எத்தனை வருஷம் கட்டுண்டாய் என்ற கேள்வி போய், என்ன செய்யத் தெரியும் என்ற கேள்வி வந்தது. பாத்திரத்தின் மீதிருந்த முத்திரை மனிதன்மேல் விழுந்தது எனலாம்.

இரண்டாவது சீட்டு

இனி நம் நாட்டுக்கு வருவோம். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன 'இண்டெஞ்சர்' என்னும் பெயரை இங்கே மீண்டும் சந்திக்கிறோம். அதே பெயருடைய சீட்டில் பெருவிரல் ரேகை வைத்தே நம் முன்னோர் பலர் பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற தோட்டங்களுக்கும் வந்தனர். முதலாளி முன்கொடுத்த கப்பற் செலவு கழியும் வரையில் அவர்கள் கட்டுண்டு உழைத்தனர். இம்முறை மலாயாவில் 1910-ல்தான் ஒழிக்கப்பட்டது.

இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர் ஒன்று, கட்டுப்பாடு ஒன்று, வாழ்நாளை விலையாகக் கொடுத்ததும் ஒன்று. ஆனால் சீமைப் பிள்ளையின் கட்டு அவிழ்ந்த நாளில் அவன் கையில் ஒரு தொழில் இருந்தது. நம் பாட்டனார் கட்டு அவிழ்ந்த நாளில், அவர் கையில் முதல்நாள் இருந்த மண்வெட்டியே இருந்தது. அவர் கொடுத்த வருஷங்கள் கப்பற் கடனைத் தீர்த்தன, வேறெதனையும் சம்பாதிக்கவில்லை. ஒரு மனிதன் கொடுத்த காலம் அவன் கையில் எதனை விட்டுச் செல்கிறது? கல்வியையும் அடிமைத்தனத்தையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதுவே.

இந்நாட்டில் தொழிற்கல்வி இல்லாமலில்லை. 1906-ல் கோலாலம்பூரில் ட்ரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி தோன்றியது; மராமத்து, இரயில்வே முதலிய இலாகாக்களுக்கு வேண்டிய கீழ்நிலை உத்தியோகஸ்தரைப் பயிற்றுவதே அதன் நோக்கம். அது 1946-ல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1975-ல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று வளர்ந்தது. 1926-ல் கோலாலம்பூரிலேயே முதல் கைத்தொழிற் பள்ளியும் திறக்கப்பட்டது. தோட்டத்துக்கோ? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923-ம் வருஷத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் அப்பள்ளி ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. அதிலிருந்து நகரத்துக்குப் போக ஏணி வைத்தவர் எவருமில்லை.

ஏணியிருந்தாலும் ஏற முடிந்திருக்குமா? கணக்குப் பாருங்கள். 1920-களின் கடைசியில் சில முக்கியப் பகுதிகளில் சர்க்கார் நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணவனும் மனைவியும் மாதம் 26 நாள் தவறாது உழைத்தால் 23 வெள்ளி 40 காசு. 1930-ல் அது ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்று குறைந்தது. அப்பொழுது அதே குடும்பத்துக்கு 18 வெள்ளி 72 காசு. அதற்கும் வழியின்றிப் பல்லாயிரவர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். இவ்வருவாயில் பையனை நகரத்தில் வைத்து, உணவும் உடையும் கொடுத்து, அவன் வெளிக்காட்டு வேலையில் கொண்டுவரும் சில்லறையையும் இழந்து, இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க எத்தகப்பனால் இயலும்? சீமையில் 40 ஷில்லிங் நிலம் வேண்டுமென்று சட்டம் எழுதி வைத்தனர். இங்கே எழுதாமலே அச்சட்டம் நடந்தது.

குலத்தொழில் என்னும் வேலி

நம்மவர்க்கு இதனினும் பழைய வேலி ஒன்றுண்டு. ஆடம் ஸ்மித் தம் நூலில், பண்டை எகிப்திலும் இந்துஸ்தானத்திலும் ஒவ்வொருவனும் தகப்பன் தொழிலையே செய்ய வேண்டுமென்று மதத்தின் பெயரால் கட்டுப்படுத்தப்பட்டதைக் கொடிய ஏற்பாடென்று சுட்டினார். ஏழாண்டுக் கட்டு ஏழாண்டில் அவிழும். சாதிக் கட்டு எத்தனை தலைமுறை கழிந்தும் அவிழாது. அதற்கு முன்பணமும் இல்லை, பரீட்சையும் இல்லை, பிறப்பே பத்திரம்.

இது பழங்கதையன்று. 1953-ல் சென்னை மாகாணத்தில் முதன்மந்திரி ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொல்லிற்று. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் பிறரும் அதனை எதிர்த்தனர். 1954-ல் காமராசர் முதன்மந்திரியானபின் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நம் தோட்டத்துக்கு வந்திருந்தால் லயத்துப் பிள்ளை எதைப் பழகியிருப்பான்? பால் வெட்டும் கத்தியையும் புல்வெட்டும் கத்தியையுமே அன்றோ!

தகப்பன் யாரென்று கேளாமல், கைக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் பத்திரம் சீர்திருத்தக்காரர் போற்ற வேண்டிய பத்திரம். அது கூலியை உயர்த்துவதற்கு முன்னரே மனிதனை உயர்த்துகிறது.

இன்றைய கணக்கு

இனித் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். மலேசியாவில் 2006-ம் வருஷத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ்த் திறன் சான்றிதழ்கள் ஐந்து படிகளாக வழங்கப்படுகின்றன. பல இடங்களில் கட்டணம் குறைவு. ஆனால் கட்டணம் விலையன்று. காத்திருக்கும் காலமே விலை. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாயிற்று. பையன் உடனே வேலைக்குப் போனால் இரண்டு வருஷத்தில் 40,800 ரிங்கிட் கொண்டுவருவான். அதுவே படிப்பின் மெய்யான விலை. உதாரணத்துக்கு, பத்திரம் பெற்றபின் மாதம் 400 ரிங்கிட் அதிகம் கிடைப்பதாகக் கொண்டால், அவ்விலை மீள 102 மாதம், அதாவது எட்டரை வருஷம் ஆகும். பயிலும் காலத்தில் மாதம் 800 ரிங்கிட் உபகாரச் சம்பளம் கிடைத்தால் விலை 21,600 ஆகக் குறையும். நான்கரை வருஷத்தில் மீண்டுவிடும். இருபது வயதில் தொடங்கி அறுபது வரையில் உழைக்கப்போகிறவனுக்கு இரண்டுமே இலாபந்தான். ஆனால் இலாபமா என்பது வேறு; அதுவரையில் குடும்பம் தாங்குமா என்பது வேறு. நம்மவர் பெரும்பாலும் தோற்பது முதற்கேள்வியிலன்று, இரண்டாவதிலேயே.

ஆகவே அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பயிலும்போது உபகாரச் சம்பளம் உண்டா? 2005-ல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறையில் பெரும்பகுதி காலம் தொழிற்சாலையிலேயே கழிவதால் அது கிடைக்க வழியுண்டு. கடன் வாங்கிப் படிப்பதாயின் மாதத் தவணை எவ்வளவு? பெறும் பத்திரம் சட்டம் கேட்கும் பத்திரந்தானா? மின்கம்பி வேலையைப் பொறுப்பேற்றுச் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிப் பத்திரம் வேண்டும். அவ்வழிக்குக் கொண்டுசெல்லாத காகிதம் சுவரில் மாட்டவே உதவும். அத்தொழிலில் வருஷம் முழுவதும் வேலை உண்டா, அல்லது ஸ்மித் சொன்ன கொத்தனைப்போல் சில மாதங்கள் சும்மா இருக்க வேண்டுமா?

பட்டறையில் பத்து வருஷம் உழைத்தும் பத்திரமில்லாத அண்ணன்மார் நம்மிடையே பலர். அவர்கள் மீண்டும் வகுப்பில் அமர வேண்டியதில்லை. செய்த வேலைக்குச் சான்று காட்டி, முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழியும் இந்நாட்டில் இருக்கிறது. கொடுத்துவிட்ட காலத்துக்குப் பிந்தியாவது விலை பெறும் வழி அது. அதை அறியாதிருத்தல் இரண்டாவது முறை ஏமாறுவதாகும்.

பையனைப் பற்றியே தகப்பனார் கேட்டார். அவருக்கு ஒரு பெண்ணும் உண்டு. 50 காசுக்கும் 40 காசுக்கும் இடையே இருந்த பத்துக் காசு வேறுபாடு நம் தாய்மாரின் கைத்திறன் குறைவால் வந்ததன்று. பெண்ணுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நியாயம்.

"அனுப்புங்கள், அண்ணே, ஆனால் உபகாரச் சம்பளம் உள்ள இடமாகப் பார்த்து அனுப்புங்கள்" என்பதே நாம் அவருக்குச் சொன்ன விடை. நம் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் சொல்ல வேண்டியது வேறொன்று. தேருக்கும் பந்தலுக்கும் ஆகும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிலும் பிள்ளைகளின் மாத உதவிக்கு ஒதுக்கினால், அக்குடும்பங்கள் காத்திருக்கும் காலத்தைத் தாங்கும். ஏழையின் பிதிரார்ஜிதம் அவன் கைவலிமையும் கைத்திறனுமே என்று ஆடம் ஸ்மித் எழுதினார். கைவலிமையை நம் முன்னோர் இந்நாட்டுக்குக் குறைவறக் கொடுத்துவிட்டனர். கைத்திறனை நம் பிள்ளைகள் பெறும்வரையில் அவர்களுக்குச் சோறிட்டுக் காத்திருத்தல் நம் கடமை.